கழுநீர்ப் பானையும் எலும்புச் சாறும்



தமிழ்நாட்டுப் பழைய வீடுகளின் கொல்லைப்புறத்தில் கழுநீர்ப் பானை என்று ஒன்று இருந்தது. அரிசி களைந்த நீர், குடித்து மிஞ்சிய வடிகஞ்சி, வாழைக்காய்த் தோல், பூசணிக் குடல், கீரையின் முற்றிய தண்டு ஆகிய யாவும் அதில் போய்ச் சேரும். மாலையில் அந்தப் பானை மாட்டின் முன் வைக்கப்படும். மறுநாள் காலையில் அது பாலாகத் திரும்பி வரும். எனவே காய் நறுக்கி எறிவதைக் கழிவு என்று சொல்ல அவ்வீடுகளில் இடமே இருக்கவில்லை.

தில்லி, கல்கத்தா, பம்பாய் போன்ற நகரங்களில் குடியேறிய நமக்கு மாடும் இல்லை, கொல்லையும் இல்லை. தை மாதத்துத் தில்லியில் பச்சைப் பட்டாணி மலிந்து கிடக்கும். ஒரு கிலோ வாங்கி உரித்தால் பாதிக்கு மேல் தோலாகவே எஞ்சும். காலிபிளவரில் தண்டும் இலையும் பூவின் அளவுக்கே இருக்கும். இவற்றைக் கூடையோடு அள்ளிக் குப்பையில் போடும்போது, கழுநீர்ப் பானையைக் கண்டு வளர்ந்தவர்க்குக் கை சற்றுத் தயங்கும். அக்கழிவைக் கொதிக்க வைத்து, அதன் சாரத்தை நீரில் இறக்கி, மனிதரே பருகலாமே என்னும் எண்ணம் உலகின் பல பகுதிகளில் மிகப் பழையது. ஆனால் அந்த நீரில் உண்மையில் என்ன இறங்குகிறது என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த வழக்கு. ஏழைகளின் உயிர் அந்த வழக்கின் தீர்ப்பைச் சார்ந்திருந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலின் முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பையோ காய்கறித் துண்டுகளையோ நெடுநேரம் கொதிக்க வைத்து வடித்த நீருக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தனித்தனிப் பெயர்கள் பல உண்டு. தமிழில் அதற்கென்று ஒரு பெயரை நிறுவ முயன்றால் ஒவ்வொன்றும் வேறெங்கோ இழுத்துச் செல்கிறது. ரசம் என்றால் புளியும் மிளகும் நினைவுக்கு வரும். கஞ்சி என்றால் அரிசி. சாறு என்பதே பொருத்தம். கன்னடரும் தெலுங்கரும் நம் ரசத்தைச் சாரு என்றே அழைக்கின்றனர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். இப்பேச்சில் சாறு என்ற சொல்லையே கையாளுகிறேன்.

எலும்பிலிருந்து சாறு எடுப்பதை அறிவியல் அரங்கிற்குக் கொண்டு வந்தவர் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர். 1647-இல் பிறந்தவர், புராட்டஸ்டண்டு சமயத்தினர். பாரிசில் ஹைகென்சிடமும், பின்னர் இலண்டனில் இராபர்ட் பாயிலிடமும் துணையாளராக இருந்தார். 1679-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் முன் அவர் ஓர் இரும்புப் பாத்திரத்தைக் காட்டினார். இறுக மூடிய அப்பாத்திரத்தினுள் நீராவி அடைபட்டு அழுத்தம் ஏறும். நீரின் கொதிநிலையும் உயரும். பாத்திரம் வெடித்துவிடாமல் காக்க நெம்புகோலும் எடையும் கொண்ட ஒரு வால்வை அமைத்தார். 1681-இல் இக்கருவியை விளக்கி நூல் வெளியிட்டார். கடினமான எலும்புகளை மிருதுவாக்கிக் குறைந்த எரிபொருளில் உணவாக்குவதே கருவியின் நோக்கம். 1682 ஏப்ரலில் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு அப்பாத்திரத்தில் சமைத்த விருந்து ஒன்று நடந்தது. மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல் மென்மையாகிவிட்டன என்றும், அதற்கு எட்டு அவுன்ஸ் கரிகூடச் செலவாகவில்லை என்றும் ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதினார்.

நம் அடுப்பில் விசிலடிக்கும் பிரஷர் குக்கர் இதன் வழித்தோன்றல். 1950-களின் இறுதியில் இந்தியாவிலேயே செய்யப்படத் தொடங்கிய அப்பாத்திரத்தில் பருப்பை வேக வைக்கிறோம். அதன் முன்னோர் எலும்பை உருக்கப் பிறந்தவர் என்பதை நினைப்பவர் சிலரே. பாப்பன் வறுமையில் வாடி, 1713-ஐ ஒட்டி, எவரும் கவனியாமல் மறைந்தார்.

அடுத்த நூற்றாண்டில் சாறு பல வேடங்கள் பூண்டது. 1760-களில் பாரிசில் உடல் தேற்றும் சாறு விற்ற கடைகளிலிருந்தே, அச்சாற்றின் பெயரால், இன்றைய ரெஸ்டாரண்ட் என்ற சொல் பிறந்தது. சாற்றைச் சுண்டக் காய்ச்சி, பசைக்கட்டி போல் இறுக்கி உலர்த்திக் கப்பல்களில் கொண்டு சென்றனர். 1768-இல் புறப்பட்ட காப்டன் குக்கின் கப்பலிலும் அது இருந்தது. ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்று நம்பினர். தடுக்க வல்ல வைட்டமின் அதில் இல்லை.

கழிவும் சாறும் அரசியலோடு கலந்தது மியூனிக் நகரில். அமெரிக்காவில் 1753-இல் பிறந்து, விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று, பின்னர் பவேரிய அரசின் பணியில் அமர்ந்த பெஞ்சமின் தாம்சன் என்பவரே ரம்போர்டுப் பிரபு. 1790 ஜனவரி முதல் நாள் அவர் மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர் அனைவரையும் ஒரே நாளில் பிடித்து, தாம் அமைத்த தொழிற்சாலைக்கு அனுப்பினார். முதல் பிச்சைக்காரரைத் தாமே கைப்பிடித்து நிறுத்தினார். அவர்களுக்கு வேலை, கூலி, நண்பகலில் சூப்பு. வாற்கோதுமை, பட்டாணி, உருளைக்கிழங்கு, காய்ந்த ரொட்டித் துண்டு, காடி, உப்பு, ஏராளமான நீர் ஆகியவையே அச்சூப்பு. மிக மெல்லிய தீயில் மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும் என்பது அவர் விதி. இவ்வளவு குறைந்த திடப்பொருளில் வயிறு நிறைவதைக் கண்டு, நீரே உணவாக மாறுகிறது என்று அவர் முடிவு செய்தார்! வெப்பத்தைப் பற்றி அவ்வளவு கூர்மையாக ஆராய்ந்த அறிஞர் இதில் வழுக்கினார். ஆனாலும் அந்தச் சூப்பில் பட்டாணியும் கோதுமையும் இருந்தன. அதனால் உண்டவர் பிழைத்தனர். இலண்டனிலும் பாரிசிலும் அவர் பெயரால் சூப்புச் சாலைகள் தோன்றின.

பாரிசில் நேர்ந்தது வேறு. பட்டாணி, கோதுமை ஆகியவற்றை நம்புவதை விட்டு, அங்குள்ள இரசாயன அறிஞர் சிலர் எலும்பை மட்டுமே நம்பினர். கசாப்புக் கடையிலும் அடுக்களையிலும் வீணாகும் எலும்பிலிருந்து ஜெலாட்டினைப் பிரித்தெடுத்தால், இறைச்சிக்கே ஈடான உணவு இலவசமாகக் கிடைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஜெலாட்டின் என்பது புதுப்பொருள் அன்று. ஆட்டுக்கால் சாறு குளிர்ந்ததும் தயிர்போல் உறையக் காரணம் அதுவே. நம் தச்சர்கள் மரத்தை ஒட்டப் பயன்படுத்திய வச்சிரப் பசையும் அதன் சுத்தம் குறைந்த உருவமே. ஷான் தார்சே என்ற அறிஞர் முதலில் அமிலத்தால் எலும்பின் சுண்ணத்தைக் கரைத்து ஜெலாட்டினை எடுத்தார். பின்னர் நீராவியால் எடுக்கும் கருவியை அமைத்தார். 1829-இல் பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனையில் அக்கருவி நிறுவப்பட்டு நோயாளிகளுக்கு ஜெலாட்டின் சாறு வழங்கப்பட்டது. தார்சே தீய நோக்கம் கொண்டவர் அல்லர். பசித்தோர்க்கு உணவு தேடியவர். செலவு குறைகிறதே என்று நிர்வாகிகள் மகிழ்ந்ததையும் மறுப்பதற்கில்லை. ஏழையின் தட்டைப் பற்றிய புதுமைகளில் இவ்விரு நோக்கங்களும் கைகோத்தே வருவதைப் பிற்காலத்திலும் காண்கிறோம்.

நோயாளிகளுக்கு அந்தச் சாறு பிடிக்கவில்லை. வாடையும் சுவையும் சகிக்கவில்லை என்றனர். மருத்துவர்களிலும் சிலர் ஐயுற்றனர். ஏழைகள் நன்றி கெட்டவர்கள், நாக்குக்கு அடிமைகள் என்று எளிதில் சொல்லிவிடலாம். பிரெஞ்சு அறிவியல் கழகம் அவ்வாறு சொல்லாமல் ஒரு குழுவை அமைத்தது. அதன் சார்பில் அறிக்கை எழுதியவர் உடலியல் அறிஞர் பிரான்சுவா மஜாந்தி.

மஜாந்தி முன்பே, 1816-இல், ஒரு சோதனை செய்திருந்தார். நாய்களுக்குச் சர்க்கரையும் நீரும் மட்டுமே, அல்லது எண்ணெயும் நீரும் மட்டுமே கொடுத்துப் பார்த்தார். அவை மெலிந்து இறந்தன. நைட்ரஜன் கொண்ட உணவு உயிருக்கு இன்றியமையாதது என்று அதனால் தெரிந்தது. ஜெலாட்டினில் நைட்ரஜன் நிறைய உண்டு. ஆகவே அது உணவாகத்தான் இருக்க வேண்டும் என்று தார்சேயின் பக்கத்தார் வாதிட்டதில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் நாய்களுக்குத் தர்க்கம் தெரியாதே! ஜெலாட்டினைச் சில நாள் தின்ற பிறகு அவை அதைத் தொடவும் மறுத்தன. அதை மட்டுமே உணவாகப் பெற்றவை மெலிந்து மாண்டன. அதே நேரத்தில், பச்சை எலும்பை மட்டும் கடித்துத் தின்ற நாய்கள் மூன்று மாதம் நலமாகவே இருந்தன. எலும்பில் ஊட்டம் இருந்தது. பிரித்தெடுத்த பசையில் இல்லை. எலும்போடு ஒட்டிய ஊனும் மச்சையும் கொழுப்பும் தந்ததைத் தூய ஜெலாட்டின் தரவில்லை. 1841-இல் அறிக்கை வெளியாயிற்று. ஜெலாட்டின் இறைச்சிக்கு ஈடாகாது என்பது முடிவு. அச்சோதனைகளில் நாய்கள் பட்ட துன்பத்தைப் படிக்கையில் மனம் கலங்கும். மஜாந்தியின் கொடுமை அவர் காலத்திலேயே கண்டிக்கப்பட்டது. ஆயினும் நோயாளியின் நாக்கு சொன்னது பொய்யன்று என்று அந்த அறிக்கைக்குப் பின் எவரும் ஏற்க வேண்டியதாயிற்று.

ஏன் என்பதற்கு விடை கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1901-இல் கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் ஹாப்கின்ஸ் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத பொருள் அது. ஜெலாட்டினில் அது அறவே இல்லை. ஆயிரம் செங்கல் இருந்தும் சுண்ணாம்பு இல்லாத கொத்தன் நிலைதான், ஜெலாட்டினை மட்டும் உண்ட உடலின் நிலை.

இதற்கிடையில் சாறு வாணிகமாகிவிட்டது. ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் 1847-இல் இறைச்சிச் சத்தைச் சுண்டவைக்கும் முறையை வெளியிட்டார். 1865-இல் அவர் பெயரால் கம்பெனி ஏற்பட்டு, உருகுவே நாட்டின் பிரே பெந்தோசில் ஆலை இயங்கியது. ஒரு கிலோ சத்துக்கு முப்பது கிலோவுக்கு மேல் இறைச்சி தேவைப்பட்டது. அதில் சுவை இருந்தது. புரதமும் கொழுப்பும் ஏறக்குறைய இல்லை. எதிர்ப்பு எழுந்தபின் லீபிக் தம் கூற்றைச் சற்றே தளர்த்திக்கொண்டார். இன்று கடைகளில் விற்கும் சூப்புக் கட்டிகள் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வந்தவை. 1908-இல் ஜப்பானிய அறிஞர் இக்கெடா கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டைக் கண்டறிந்ததும் அதே காலத்தில்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் சென்னையில் கற்ற சாறு மிளகுத்தண்ணீர். அச்சொல் சிதைந்து முல்லிகடானி ஆயிற்று. 1784-இல் பெங்களூர்ச் சிறையில் இருந்த ஆங்கிலக் கைதிகளின் பாட்டொன்றில் அச்சொல் வருகிறது. மிளகுத்தண்ணீரும் கஞ்சியும்தான் தங்கள் உணவு என்பது அவர்கள் புலம்பல்! கைதிக்குத் தண்டனையாகத் தோன்றிய அதே நீரை, பின்னாளில் சென்னை மாகாணத்து அதிகாரிகள் எலும்புச் சாற்றில் காய்ச்சி விருந்தில் பரிமாறினர். அவர்களுக்கு முல் என்று பட்டப்பெயரே ஏற்பட்டது. 1878-இல் சென்னையில் இராணுவ அதிகாரியாயிருந்த கென்னி ஹெர்பர்ட், வைவர்ன் என்ற புனைபெயரில், சென்னை வாழ் ஆங்கிலேயர்க்கென எழுதிய சமையல் நூலில் சூப்பையும் மிளகுத்தண்ணீரையும் விரிவாக எழுதினார். புளியும் மிளகும் மட்டும் கொண்டிருந்த எளிய நீர், மாட்டெலும்புச் சாறாகி, பின்னர் அரிசியும் ஆப்பிளும் சேர்ந்து இங்கிலாந்தின் டப்பாக்களில் புகுந்த கதையை வேறொரு நாள் பேசலாம்.

எலும்புச் சாற்றில் ஊட்டம் இருப்பதாக நம்பி ஐரோப்பியர் ஏமாந்தனர். நம் பக்கத்துத் தவறு இதற்கு நேர் எதிரானது. ஊட்டம் இருந்த நீரை நாம் கீழே கொட்டினோம். 1890-ஐ ஒட்டி ஜாவாவின் பட்டாவியா நகரில் டச்சு மருத்துவர் ஐக்மன், பெரிபெரி நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனை அடுக்களையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு தீனியாயிற்று. கோழிகளுக்குக் கால் விளங்காமற் போயிற்று. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துச் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி தின்னத் தொடங்கியதும் கோழிகள் தேறின. அச்சமையற்காரரின் அலுவலகப் பிடிவாதத்தை, கோப்புகளோடு காலம் கழிக்கும் என்னால் புன்னகையின்றி நினைக்க இயலவில்லை. தவிட்டில் இருந்த பொருளே தயமின் என்ற வைட்டமின் என்பது பிற்பாடு தெரிந்தது. 1929-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஐக்மனுக்கும், முன்பு சொன்ன ஹாப்கின்சுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

நீலகிரிக் குன்னூரில் 1918-இல் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சி, பின்னர் உணவாராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1935-இல் அதன் தலைமையை ஏற்ற ஏக்ராயிட், இந்தியாவின் அரிசிச் சிக்கலைத் தம் குழுவினருடன் ஆராய்ந்து 1940-இல் நூலாக வெளியிட்டார். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆனால் அரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியை வடித்தால், நீரில் கரையும் அவ்வைட்டமினின் பெரும் பகுதி நீரோடு போகிறது. கழுநீர்ப் பானையின் மாடு கொழுத்ததில் வியப்பில்லை. அக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

வடித்த கஞ்சியைப் பற்றிப் பேசுகையில் 1943-ஆம் ஆண்டின் கல்கத்தாவைச் சொல்லாமல் விட முடியாது. வங்காளக் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் பசியால் நகரத்துக்கு நடந்து வந்தனர். சோறு கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே வீட்டு வாசல்களில் நின்று அவர்கள் கேட்டது ஃபேன். சோறு வடித்த கஞ்சிக்கு வங்காளியில் அதுவே பெயர். சாக்கடையில் கொட்டவிருந்த நீரை, அம்மா, கொஞ்சம் கொடுங்கள் என்று அவர்கள் இரந்த குரலை, அங்கு வாழ்ந்த முதியோர் பின்னாளிலும் மறக்கவில்லை. அரசாங்கம் திறந்த கஞ்சித் தொட்டிகள் காலம் தாழ்ந்து வந்தன. அவற்றில் வார்த்த கஞ்சியும் உயிரைத் தாங்கப் போதாத அளவு நீர்த்திருந்தது. ரம்போர்டின் சூப்பில் இருந்த பட்டாணியின் அளவைத்தான் எந்தக் கஞ்சித் தொட்டியைப் பற்றியும் கேட்க வேண்டும். பின்னர் அப்பஞ்சத்தை விசாரித்த குழுவில், குன்னூர் ஏக்ராயிட் ஓர் உறுப்பினராக அமர்ந்தார்.

இவ்வளவு வழக்கும் நடந்து முடிந்தபின், நம் அடுக்களைச் சாற்றிடம் எதை எதிர்பார்க்கலாம்? சுவையை எதிர்பார்க்கலாம், நீரில் கரையும் வைட்டமின்களிலும் உப்புகளிலும் ஒரு பங்கை எதிர்பார்க்கலாம். எலும்புச் சாறு சுண்ணச் சத்தின் சுரங்கம் என்று இக்காலத்தில் மீண்டும் எழுந்துள்ள பேச்சை நம்ப வேண்டியதில்லை. எலும்பின் சுண்ணம் வெறும் நீரில் மிகச் சிறிதளவே இறங்கும். புரதத்துக்குப் பருப்பையோ முட்டையையோ இறைச்சியையோதான் நாட வேண்டும்.

இக்கணக்கை எந்த ஆராய்ச்சிக் கூடமும் இன்றி அறிந்தவர் நம் அண்டை வீட்டார். மராட்டியத்தில் பூரண் போளி செய்யும் நாளில் கடலைப் பருப்பை வேகவைத்து வடித்த நீரைக் கொட்டுவதில்லை. அந்த நீருக்குக் கட் என்று பெயர். அதில் புளியும் மசாலாவும் சேர்த்துக் கட்டாச்சி ஆம்டி ஆக்குவர். கர்நாடகத்தில் அதுவே ஒப்பட்டுச் சாரு. பருப்பின் புரதமும் ஓரளவு அதில் கரைந்திருப்பதால் மியூனிக் சூப்பின் குணமும் அதற்கு உண்டு. வங்காளத்தில் சுரைக்காய்த் தோலும் உருளைத் தோலும் பொரியலாகின்றன. மீன்தலையும் முள்ளும் காய்களோடு சேர்ந்து வேகின்றன. பழைய தில்லியின் சந்துகளில் இரவெல்லாம் கொதிக்கும் நிஹாரியும், ஆட்டுக்காலில் செய்யும் பாயாவும் பாப்பனின் கருவி இல்லாமலே எலும்பைக் கரைக்கின்றன. நம் வீட்டுப் பீர்க்கங்காய்த் தோல் துவையலையும் இவ்வரிசையில் அமர்த்தலாம்.

எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் செய்வதைச் சொல்லி முடிக்கிறேன். பட்டாணித் தோல், காலிபிளவர்த் தண்டு, காரட்டின் நுனி, கொத்தமல்லித் தண்டு, வெங்காயத்தின் புறத்தோல் ஆகியவற்றை நன்கு கழுவி, மூழ்கும் அளவு நீரில் முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில் வைப்போம். முட்டைக்கோசின் வெளி இலையைச் சேர்ப்பதில்லை, நாற்றம் மேலோங்கிவிடும். பச்சை நிறமேறிய உருளைத் தோலும் கூடாது, அதில் நஞ்சுண்டு. வடித்த நீரில் பருப்புக் கரைத்து, தக்காளியும் மிளகும் சீரகமும் இட்டுக் கொதிக்க வைத்தால் அது ரசம் ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் ஒருநாள் அதைச் சுவைத்துவிட்டு, பட்டாணித் தோலின் உள்ளிருக்கும் மெல்லிய தோலை உரித்தெடுத்துவிட்டால் எஞ்சியதைக் கறியாகவே சமைக்கலாமே, அதைப் போய் வேகவைத்து எறிகிறீர்களே என்று என் மனைவியிடம் குறைப்பட்டார். இந்தக் குளிர்காலத்தில் அதையும் செய்து பார்க்க இருக்கிறோம்.